தாயற்ற தொட்டில்கள்

ஆதரவற்ற குழந்தையைப் பேணுதல் அறம் என்பதில் எந்நாட்டாருக்கும் எச்சமயத்தாருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. அதனை எங்ஙனம் பேணுதல் வேண்டும் என்னும் வினாவிலேயே வேற்றுமை எழுகின்றது. பெரியதோர் இல்லம் அமைத்து, நூறு குழந்தைகளை ஒருங்கு சேர்த்து, வைத்தியரையும் தாதியரையும் நியமித்துக் காப்பது நன்றா? அன்றி, ஒவ்வொரு குழந்தையையும் ஒரு வீட்டில், ஒரு வளர்ப்புத்தாயின் மடியில் ஒப்படைப்பது நன்றா? தேவகி பெற்ற பிள்ளையை யசோதை வளர்த்த கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இரண்டாவது வழியே இயல்பானதாகத் தோன்றலாம். ஆயினும் கதை வேறு. ஓர் அரசாங்கத்தின் கொள்கை வேறு. பல்லாயிரம் குழந்தைகளுக்குப் பொறுப்பேற்கும் அரசாங்கம் செலவை எண்ணும், கட்டடத்தை எண்ணும், உத்தியோகத்தரை எண்ணும். குழந்தைக்கு உண்மையில் என்ன நேர்ந்தது என்பதை எண்ணிப் பார்ப்பது மட்டும் நெடுங்காலம் எவருடைய கடமையாகவும் இருந்ததில்லை.

அவ்வாறு எண்ணிப் பார்த்து, கண்ட சான்றைக் கொண்டு தன் சிறுவர் நல முறையைத் திருத்த முற்பட்ட ஒரு நாட்டின் வரலாற்றை நேயர்களுக்கு எடுத்துரைப்பதே இப்பேச்சின் நோக்கம். அந்நாடு ருமேனியா.

ருமேனியா ஐரோப்பாவின் தென்கிழக்கில், தன்யூப் நதி கருங்கடலிற் கலக்குமிடத்தை அடுத்துக் கிடக்கும் நாடு. 1965ஆம் ஆண்டில் நிக்கொலாய் சௌசெஸ்கு அங்கே ஆட்சித் தலைமையை ஏற்றார். மக்கட்டொகை பெருகினால் தொழிலும் பெருகும், நாட்டின் வலிமையும் பெருகும் என்பது அவருடைய கணக்கு. அக்கணக்கை நிறைவேற்றும் பொருட்டு 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் 770ஆம் இலக்க ஆணை பிறப்பிக்கப்பட்டது. கருச்சிதைவு தடை செய்யப்பட்டது. நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர்கள், நான்கு பிள்ளைகளை ஏற்கெனவே பெற்றவர்கள் முதலிய சிலருக்கே விலக்கு அளிக்கப்பட்டது. கருத்தடைச் சாதனங்கள் கடைகளிலிருந்து மறைந்தன. பிள்ளையில்லாத வயது வந்தோர்மீது வரி விதிக்கப்பட்டது. 1966ஆம் ஆண்டில் ஏறத்தாழ 273,000 குழந்தைகள் பிறந்த அந்நாட்டில், அடுத்த ஆண்டில் ஏறத்தாழ 527,000 குழந்தைகள் பிறந்தனர். ஓராண்டிலே பிறப்பு இருமடங்காயிற்று.

பிறக்கும்படி கட்டளையிடுவது எளிது. பிறந்ததை வளர்ப்பது எளிதன்று. வருவாய் குறைந்த குடும்பங்களும், கணவனில்லாத தாய்மாரும் தாம் விரும்பிப் பெறாத பிள்ளைகளை என் செய்வதென்று திகைத்தனர். 1980களில் அரசாங்கம் வெளிநாட்டுக் கடனை விரைவில் தீர்த்துவிட முனைந்து, விளைந்த உணவை ஏற்றுமதி செய்தது. உள்நாட்டில் பாணுக்கும் எண்ணெய்க்கும் பங்கீடு வந்தது. மாரிக்காலத்தில் வீடுகள் குளிர்ந்து கிடந்தன. அந்நிலையில், 'உன்னால் வளர்க்க இயலாவிடின் அரசாங்கத்திடம் விடு. அரசாங்கம் உன்னினும் நன்றாக வளர்க்கும்' என்னும் போதனை பலருடைய காதில் ஏறியது. 1970ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமொன்று இத்தகைய குழந்தைகளை அரசாங்க இல்லங்களில் வைத்துக் காப்பதற்கு வகை செய்திருந்தது.

பிறந்தது முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகள் வைக்கப்பட்ட இல்லத்துக்கு ருமேனிய மொழியில் வழங்கிய பெயர் 'தொட்டில்' என்று பொருள்படும். மூன்று வயது நிரம்பியதும் குழந்தைகள் தரம் பிரிக்கப்பட்டனர். நலமுடையவர் எனக் கருதப்பட்டோர் சிறுவர் இல்லங்களுக்கு அனுப்பப்பட்டனர். குறையுடையவர் எனக் கருதப்பட்டோர் வேறு நிலையங்களுக்கு அனுப்பப்பட்டனர். அங்கிருந்து மீண்டவர் மிகச் சிலரே. இக்குழந்தைகளுட் பெரும்பாலோர்க்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருந்தனர் என்பதை மறத்தலாகாது. அவர்கள் மரணத்தால் அநாதையானவர்கள் அல்லர். வறுமையாலும் ஆணையாலும் அநாதையாக்கப்பட்டவர்கள்.

தொட்டில் இல்லத்தின் ஒழுங்கு, தொழிற்சாலையின் ஒழுங்கை ஒத்தது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உணவு, ஒரே நேரத்தில் உறக்கம், ஒரே நேரத்தில் குளியல். பணிப்பெண் ஒருத்திக்குப் பன்னிரண்டு, பதினைந்து குழந்தைகள். அவளும் முறை மாறிப் போய்விடுவாள். அடுத்த முறைக்கு வேறொருத்தி வருவாள். அழுதால் எடுப்பாரில்லை என்பதைக் குழந்தை சில வாரங்களில் உணர்ந்துவிடும். உணர்ந்தபின் அழுவதை நிறுத்திவிடும். அத்தகைய இல்லங்களுக்குச் சென்று வந்த வெளிநாட்டவர் பலர், குழந்தைகள் நிறைந்த அறையில் நிலவிய அமைதியே தம்மை அச்சுறுத்தியது என்று கூறியுள்ளனர். கம்பிக் கட்டிலைப் பற்றிக்கொண்டு முன்னும் பின்னுமாக அசைந்தாடுவதே அக்குழந்தைகள் அறிந்த விளையாட்டு.

1989ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் சௌசெஸ்குவின் ஆட்சி வீழ்ந்தது. அடைத்திருந்த கதவுகள் திறந்தன. அரசாங்க இல்லங்களில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் இருந்தமை வெளிவந்தது. தொலைக்காட்சியிற் காட்டப்பட்ட காட்சிகளைக் கண்டு உலகம் பதைத்தது. போர்வைகளும் பால்மாவும் மருந்துகளும் பாரவண்டிகளில் வந்து குவிந்தன. மேலைநாட்டுக் குடும்பங்கள் பல அக்குழந்தைகளைத் தத்தெடுக்கப் புறப்பட்டன. சுவர்களுக்கு வர்ணம் பூசப்பட்டது, பொம்மைகள் வாங்கப்பட்டன. ஆயின் இல்லம் என்ற முறை மாறவில்லை. பத்தாண்டு கழிந்த பின்னரும் பல பதினாயிரம் குழந்தைகள் அங்கேயே வளர்ந்துகொண்டிருந்தனர். இரக்கம் வந்ததும் பொருள் வந்ததும் மெய்யே. எத்திசையிற் செல்வது என்ற தெளிவு மட்டும் வரவில்லை.

இவ்விடத்தில் நேயர்கள் ஓர் ஐயத்தை எழுப்பலாம். இல்லத்தில் வளரும் சிசு நலிவுறும் என்பது அதற்கு முன்னரே உலகம் அறிந்ததன்றோ? அறிந்ததுதான். வியன்னாவிற் பிறந்து அமெரிக்காவிற் பணிபுரிந்த உளவைத்தியர் றெனே ஸ்பிற்ஸ் 1945ஆம் ஆண்டில் ஓர் ஒப்பீட்டை வெளியிட்டார். சிறைச்சாலை ஒன்றிலே தண்டனை பெற்ற தாய்மார் தம் சிசுக்களைத் தாமே வளர்த்து வந்தனர். மற்றோரிடத்தில், துப்புரவான இல்லம் ஒன்றில், தாதியர் சிலரே பல சிசுக்களைப் பராமரித்து வந்தனர். சிறைச்சாலைப் பிள்ளைகள் செழித்தனர். துப்புரவான இல்லத்துப் பிள்ளைகள் மெலிந்தனர், நோய்வாய்ப்பட்டனர், ஈராண்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் இறந்தனர்.

அதற்கும் முன்னரே, 1939ஆம் ஆண்டில், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த ஹரோல்ட் ஸ்கீல்ஸ் என்பார் வியத்தகு செய்தி ஒன்றை வெளியிட்டிருந்தார். மந்தபுத்தியுடையவை என்று ஒதுக்கப்பட்ட பதின்மூன்று சிசுக்கள் அநாதை இல்லத்திலிருந்து, அறிவு வளர்ச்சி குன்றிய பெண்கள் வாழும் விடுதி ஒன்றுக்கு மாற்றப்பட்டனர். அப்பெண்கள் ஆளுக்கொரு குழந்தையைத் தமதாக்கிக்கொண்டு கொஞ்சி வளர்த்தனர். குழந்தைகளின் நுண்மதி ஈவு சராசரியாக இருபத்தேழு புள்ளிகளுக்கு மேல் உயர்ந்தது. அநாதை இல்லத்திலேயே இருந்துவிட்ட பன்னிரு பிள்ளைகளின் ஈவோ ஏறத்தாழ அதே அளவு தாழ்ந்தது. 1966ஆம் ஆண்டில் ஸ்கீல்ஸ் இவர்களை மீண்டும் தேடிச் சென்றபோது, மாற்றப்பட்ட பதின்மூவரும் தம் காலில் நின்று வாழ்ந்துகொண்டிருந்தனர். 1951ஆம் ஆண்டில் ஆங்கில உளவைத்தியர் ஜோன் போல்பி உலக சுகாதார நிறுவனத்தின் வேண்டுகோளுக்கிணங்க எழுதிய அறிக்கை இத்தகைய ஆய்வுகளையெல்லாம் திரட்டி, தாயன்பு சிசுவின் மனநலத்துக்கு உணவைப் போன்ற இன்றியமையாப் பொருள் என்று எடுத்துக்காட்டியது.

இத்துணை அறிந்திருந்தும் ருமேனியாவில் வாதம் ஓயாமைக்குக் காரணம் யாது? எதிர்வாதம் ஒன்று வலிமையோடு நின்றமையே காரணம். 'இல்லத்துப் பிள்ளைகள் பிறவியிலேயே குறையுடையவர்கள். நோயுற்ற தாய்க்கும் குடிகாரத் தந்தைக்கும் பிறந்தவர்கள். நல்ல பிள்ளைகளைத் தெரிந்து தத்தெடுத்துச் சென்றுவிடுகின்றனர். எஞ்சியவர்கள் மந்தமாயிருப்பதில் வியப்பென்ன? இல்லம் அவர்களைக் கெடுக்கவில்லை. கெட்டவர்களை இல்லம் காக்கின்றது' என்று அந்நாட்டு நிபுணர் பலர் கருதினர். பிறவிக் குறையை ஆராய்வதற்கென்றே தனித்துறை ஒன்று கிழக்கு ஐரோப்பிய நாடுகளில் வழங்கி வந்தது. குழந்தையை ஆராய்ந்து குறையைக் கண்டுபிடிப்பது அத்துறையின் தொழில். வளர்ந்த இடத்தை ஆராய்வது அதன் தொழிலன்று. முன்னைய ஆய்வுகளுள் எதுவும் இவ்வெதிர்வாதத்தை முற்றாக வாயடைக்கவில்லை. எப்பிள்ளை வீட்டுக்குப் போவது, எப்பிள்ளை இல்லத்தில் தங்குவது என்பதை எவரோ ஒருவர் தெரிந்தெடுக்கும் வரையில், தெரிவின் விளைவையும் வளர்ப்பின் விளைவையும் பிரித்தறிய இயலாது.

இச்சிக்கலை அறுப்பதற்கு ஒரே வழி உண்டு. அதுவே நம் முன்னோர் கோயிலில் வைத்துப் போட்ட திருவுளச்சீட்டு. தெரிவை மனிதன் கையிலிருந்து எடுத்துச் சீட்டின் கையிற் கொடுத்துவிட்டால், நல்ல பிள்ளையென்றும் மந்தப் பிள்ளையென்றும் பார்த்துப் பிரிக்க எவராலும் இயலாது. மருந்துகளைச் சோதிக்கும் வைத்தியர்கள் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து இம்முறையைக் கையாண்டு வந்தனர். இல்லத்துச் சிசுக்களை வளர்ப்புக் குடும்பங்களில் வைத்துப் பார்க்கும் சோதனையில் இம்முறை முதன்முதலாகக் கையாளப்பட்டது ருமேனியத் தலைநகராகிய புக்கரெஸ்ற் நகரிலேயே.

அக்காலத்தில் ருமேனிய அரசாங்கத்திற் சிறுவர் பாதுகாப்புக்குப் பொறுப்பாயிருந்த கிறிஸ்தியான் தபக்காறு, விஞ்ஞானச் சான்று கிடைக்குமாயின் இல்லங்களை ஆதரிப்போர்க்கு விடை கூறலாம் என்று கருதி, அமெரிக்க ஆய்வாளரை வரவேற்றார். சாள்ஸ் நெல்சன், நேதன் பொக்ஸ், சாள்ஸ் ஸீனா என்னும் பேராசிரியர் மூவர் தலைமை தாங்கினர். மக்ஆர்தர் நிதியம் பொருளுதவி செய்தது. 2000ஆம் ஆண்டில் ஆயத்தங்கள் தொடங்கின. நகரத்து ஆறு இல்லங்களிலிருந்து, ஆறு மாதம் முதல் முப்பத்தொரு மாதம் வரை வயதுடைய 187 குழந்தைகள் பரிசோதிக்கப்பட்டனர். பிறவி நோயுடையோர் முதலிய 51 பேரை நீக்க, எஞ்சியோர் 136 பேர். சீட்டின்படி இவர்களுள் 68 பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டனர். 68 பேர் வழக்கமான பராமரிப்பில் விடப்பட்டனர். தம் பெற்றோருடன் வாழ்ந்த அந்நகரத்துக் குழந்தைகள் 72 பேர் ஒப்புநோக்கும் பொருட்டுச் சேர்க்கப்பட்டனர்.

வளர்ப்புக் குடும்பம் என்பது அந்நகரில் அந்நாளில் பெயரளவிலேயே இருந்தது. தொழில்முறை வளர்ப்புத்தாய் என்ற பதவியைச் சட்டம் ஏற்படுத்தியதே 1998ஆம் ஆண்டில்தான். ஆதலின் ஆய்வாளரே குடும்பங்களைத் தேடி, விசாரித்து, பயிற்றி, சம்பளமும் வகுக்க வேண்டியதாயிற்று. 56 குடும்பங்கள் அமைந்தன. சமூக சேவை உத்தியோகத்தர் அவ்வீடுகளுக்கு அடிக்கடி சென்று, இரவில் உறங்காத குழந்தையை எங்ஙனம் தேற்றுவது, உணவைப் பதுக்கிவைக்கும் குழந்தையை எங்ஙனம் நடத்துவது என்பன போன்ற சிறு சிறு சிக்கல்களில் தாய்மாருக்குத் துணை நின்றனர். இக்குழந்தையைச் சம்பளத்துக்கு வைத்திருக்கும் பிள்ளையாகக் கருதாது சொந்தப் பிள்ளையாகவே பாருங்கள் என்று அவர்களுக்கு வற்புறுத்தப்பட்டது. குடும்பத்திற் சேர்ப்பது மட்டும் போதாது, அக்குடும்பத்தைத் தாங்குவதற்கும் ஆள் வேண்டும் என்பது இம்முயற்சியின் முக்கியமான பகுதி.

இனி, நேயர்களின் நெஞ்சில் இந்நேரம் முள்ளாய்த் தைத்திருக்கும் வினாவுக்கு வருவோம். குடும்பம் நல்லது என்று எண்ணிய ஆய்வாளர், பாதிப் பிள்ளைகளை இல்லத்திலேயே விடலாமா? சீட்டிலே பெயர் வராத சிசு செய்த குற்றம் யாது? இவ்வினா பன்னாட்டு அறிஞரிடையே நெடிய விவாதத்தை எழுப்பியது. ஆய்வாளர் கூறிய விடை வருமாறு. சோதனை நடைபெறாதிருந்தால் 136 பிள்ளைகளும் இல்லத்திலேயே இருந்திருப்பர். எந்தப் பிள்ளைக்கும் முன்னிருந்த நிலை தாழவில்லை. இல்லத்தில் விடப்பட்ட பிள்ளையைப் பெற்றோர் மீட்க வந்தாலோ, தத்தெடுப்பார் வந்தாலோ, அரசாங்கமே வளர்ப்புக் குடும்பம் ஒன்றைக் கண்டாலோ எவரும் தடுக்கவில்லை. வளர்ப்புக் குடும்பத்திற் சேர்ந்த பிள்ளை, ஆய்வு முடிந்ததென்று மீண்டும் இல்லத்துக்கு அனுப்பப்படவுமில்லை. அக்குடும்பங்களைத் தொடர்ந்து ஆதரிக்கும் பொறுப்பைப் பின்னர் அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. இவ்விடை அறிவுக்குப் பொருந்துவதே. ஆயினும் மனம் முற்றாக ஆறுவதில்லை, ஆறுதலும் தகாது. அப்பிள்ளைகள் தாம் அறியாமலே ஒரு நாட்டுக்குப் பாடம் புகட்டினர். பாடத்தைக் கற்றவர்கள் அதன்படி ஒழுகினால் மட்டுமே அக்கடன் தீரும்.

கண்ட முடிவுகள் 2007ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் 'சயன்ஸ்' என்னும் அமெரிக்க விஞ்ஞான இதழில் வெளிவந்தன. குழந்தைகள் நான்கரை வயதை எய்தியபோது அளந்த நுண்மதி ஈவு இது: பெற்றோருடன் வாழ்ந்தோர்க்குச் சராசரி 109, வளர்ப்புக் குடும்பத்திற் சேர்ந்தோர்க்கு 81, இல்லத்தில் வளரும்படி சீட்டு விழுந்தோர்க்கு 73. பிரித்தது சீட்டேயாதலால், 81க்கும் 73க்கும் உள்ள வேற்றுமையைப் பிறவியின்மீது சுமத்த வழியில்லை. பிறவிக் குறை என்ற பழைய வாதம் அந்த எட்டுப் புள்ளிகளில் உடைந்தது.

இன்னொரு நுட்பத்தையும் இங்கே குறிப்பிடல் வேண்டும். ஆண்டுகள் செல்லச் செல்ல, இல்லத்தில் விடப்பட்ட பிள்ளைகளுட் பலரும் பெற்றோரிடமோ வேறு குடும்பங்களிலோ சேர்ந்துவிட்டனர். ஆயினும் ஆய்வாளர் அவர்களை முதற்சீட்டின்படியே 'இல்லத்துப் பிள்ளைகள்' என்ற தொகுதியில் வைத்தே கணக்கிட்டனர். நடுவில் இடம் மாற்றிக் கணக்கிட்டால், நலமுடைய பிள்ளைகளே வெளியேறினர் என்ற பழைய ஐயம் மீண்டும் புகுந்துவிடும் அன்றோ? இவ்வாறு தமக்கே பாதகமாக எண்ணியும் வேற்றுமை நிலைத்து நின்றமையால், குடும்பத்தின் உண்மைப் பயன் கணக்கிற் கண்டதைவிடக் கூடுதலாகவே இருத்தல் கூடும்.

எனினும் அவ்வாய்வின் மிக முக்கியமான செய்தி சராசரியில் இல்லை, காலத்தில் உள்ளது. எந்த வயதிற் குடும்பத்திற் சேர்ந்தனர் என்று வகுத்து, மூன்றரை வயதில் அளந்து பார்த்தனர். பதினெட்டு மாதத்துக்குள் சேர்ந்தோரின் சராசரி 94. பதினெட்டுக்கும் இருபத்துநான்குக்கும் இடையிற் சேர்ந்தோர்க்கு 89. இருபத்துநான்கு மாதத்தைக் கடந்து சேர்ந்தோர்க்கு 80. அதன்பின் முப்பது மாதத்தைக் கடந்தாலும் ஏறத்தாழ அதே 80 தான். இரண்டு வயது என்னும் எல்லையில் ஏதோவொரு கதவு மெல்லச் சாத்தப்படுகின்றது என்பது புலனாயிற்று. எட்டு வயதில் மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தபோதும் இவ்வெல்லையே தோன்றியது. இரண்டு வயதுக்கு முன் வீடு சேர்ந்த பிள்ளைகளின் அலைகள், பெற்றோருடன் வளர்ந்த பிள்ளைகளின் அலைகளை ஒத்திருந்தன. பிந்திச் சேர்ந்தோரின் அலைகள் இல்லத்துப் பிள்ளைகளின் அலைகளையே ஒத்திருந்தன.

பிற பயன்களும் காணப்பட்டன. குடும்பத்திற் சேர்ந்த முதலாண்டிலேயே பிள்ளைகள் உயரத்திலும் நிறையிலும் விரைந்து வளர்ந்தனர். அசைந்தாடும் பழக்கம் குறைந்தது. அச்சமும் மனச்சோர்வுமாகிய நோய்கள், இல்லத்துப் பிள்ளைகளிற் காணப்பட்டதில் ஏறத்தாழப் பாதியாயின. ஆனால் கவனம் ஒன்றில் நில்லாமை, அடங்காத் துடிப்பு முதலியன குடும்பத்திற் சேர்ந்தும் எளிதில் நீங்கவில்லை. வளர்ப்புக் குடும்பத்துப் பிள்ளைகள், பெற்றோருடன் வளர்ந்தோரைச் சராசரியில் எட்டிப் பிடிக்கவுமில்லை. அன்பு எல்லாவற்றையும் ஈடுசெய்யும் என்று கூற நம் உள்ளம் விரும்பும். சான்று அவ்வாறு கூறவில்லை. முந்திக் கிடைத்த அன்பு பெரும்பகுதியை ஈடுசெய்யும் என்றும், பிந்திக் கிடைத்தது சிலவற்றையே ஈடுசெய்யும் என்றும் அது கூறிற்று. பிரித்தானியாவிலே மைக்கல் றட்டர் என்னும் பேரறிஞர், ருமேனியாவிலிருந்து அங்குத் தத்தெடுக்கப்பட்ட 165 பிள்ளைகளைப் பல்லாண்டு தொடர்ந்து ஆராய்ந்தபோதும் இதனோடு ஒத்த முடிவையே கண்டார். ஆறு மாத வயதுக்குள் புதிய வீட்டை அடைந்தோர் பெரும்பாலும் நலம் பெற்றனர். அதனின் நெடுங்காலம் இல்லத்திற் கிடந்தோரிற் பலரை அதன் தழும்புகள் விடாது தொடர்ந்தன.

சான்று கிடைத்தது, சட்டம் யாதாயிற்று? 2004ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ருமேனியப் பாராளுமன்றம் 272ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றியது. 2005ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதலாந் திகதி அது நடைமுறைக்கு வந்தது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையை, கடுமையான உடற்குறை இருந்தாலன்றி, இல்லத்தில் வைத்தலாகாது என்று அது விதித்தது. பிற்காலத்தில் இவ்வயதெல்லை மேலும் உயர்த்தப்பட்டது. ஆய்வு முடிவுகள் அச்சேறியது 2007இல். சட்டம் வந்தது 2004இல். ஆதலின் ஆய்வே சட்டத்தைப் பெற்றது என்று கூறுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. ஐரோப்பிய ஒன்றியத்திற் சேர விரும்பிய ருமேனியாவிடம், சிறுவர் நிலையைத் திருத்தினாலன்றிச் சேர்க்க இயலாது என்று ஒன்றியம் கண்டிப்பாகக் கூறியிருந்தது. 1997 முதலே சிறுவர் பாதுகாப்பு நிருவாகம் மத்திய அரசாங்கத்திலிருந்து மாவட்டங்களுக்குப் பகிரப்பட்டு வந்தது. உள்நாட்டுச் சமூகப் பணியாளர் பலர் ஓயாது உழைத்தனர். அரசியல் நெருக்குதல் நாட்டை நடக்கச் செய்தது. எப்பக்கம் நடப்பது என்பதைக் காட்டுவதற்குச் சான்று உதவிற்று.

சட்டம் இயற்றிய அன்றே தொட்டில்கள் வெறுமையாகிவிடவில்லை. இல்லத்தில் வைத்தலாகாது என்று சட்டம் கூறியது; ஆயின் போதிய வளர்ப்புக் குடும்பங்கள் எல்லா மாவட்டங்களிலும் ஆயத்தமாக இருக்கவில்லை. ஆகவே மகப்பேற்று மருத்துவமனைகளிலும் சிறுவர் வைத்தியசாலைகளிலும் கைவிடப்பட்ட சிசுக்கள், நோய் யாதுமின்றியே, வாரக் கணக்கிலும் மாதக் கணக்கிலும் அங்கே தங்க நேர்ந்தது. ஓரிடத்தில் அடைத்த நீர் வேறிடத்திற் கசிந்தது போலாயிற்று. குறையுடைய குழந்தைகளுக்கு அளித்த விலக்கோ, மிக நலிந்தவர்களையே இல்லத்தில் விட்டுவைத்தது. தாய் ஏன் பிள்ளையைக் கைவிடுகின்றாள் என்ற முதல் வினாவுக்கு விடை காணாமல், கைவிட்டபின் எங்கே வைப்பது என்று மட்டும் ஆராய்ந்தால் இக்குறை நீங்குவதில்லை. வறிய தாய்க்கு மாதந்தோறும் கிடைக்கும் சிறு உதவித்தொகையும், பிரசவத்துக்கு முன்னரே அவளைச் சந்தித்துப் பேசும் ஒரு சமூகப் பணியாளரும் பல பிள்ளைகளை வளர்ப்புக் குடும்பமும் வேண்டாத நிலையில் வைக்கக்கூடும் என்பதை அந்நாட்டுப் பணியாளர் அனுபவத்திற் கண்டனர்.

ருமேனியா கற்ற பாடம் ருமேனியாவோடு நின்றுவிடவில்லை. மாற்றுப் பராமரிப்புப் பற்றி ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2009ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட வழிகாட்டு நெறிகள், இளஞ் சிறுவர்களை, சிறப்பாக மூன்று வயதுக்குட்பட்டோரை, குடும்பச் சூழலிலேயே வைத்தல் வேண்டும் என்று வற்புறுத்தின. 2019ஆம் ஆண்டிலும் அச்சபை பெற்றோர் பராமரிப்பற்ற சிறுவர் பற்றிய தீர்மானத்தில் இதனையே மேலும் அழுத்திக் கூறியது. ருமேனியா 1990ஆம் ஆண்டிலும் இலங்கை 1991ஆம் ஆண்டிலும் ஏற்று உறுதி செய்த சிறுவர் உரிமைச் சமவாயமும், குழந்தை குடும்பச் சூழலில், மகிழ்ச்சியும் அன்பும் நிலவுமிடத்தில் வளர்தல் வேண்டும் என்றே தன் முகவுரையிற் கூறுகின்றது. ஆகவே புக்கரெஸ்ற் நகரத்துச் சிசுக்களின் வரலாறு நமக்குப் புறம்பானதன்று. சிறுவர் இல்லங்களை நடத்தும் எந்நாடும் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா அதில் உண்டு.

சான்றின் வழி நடத்தல் என்றால் இரக்கத்தைக் கைவிடுதல் என்று சிலர் அஞ்சுகின்றனர். சௌசெஸ்குவின் இல்லங்களிற் பணிபுரிந்த பெண்களுள் இரக்கமுள்ளோர் பலர் இருந்தனர். 1990இல் பொம்மைகளோடு வந்தவர்களும் இரக்கமுள்ளோரே. அவ்விரக்கம் எவ்வழி சென்றால் பிள்ளைக்குப் பயன்படும் என்பதை அளவுகோலே காட்டியது. அளவுகோல் காட்டிய மற்றொரு செய்தி அதனினும் கடுமையானது. குழு அமைத்து ஆராய ஓராண்டும், அறிக்கை எழுத ஓராண்டும் ஓர் அரசாங்கத்துக்கு நெடுங்காலமன்று. பிறந்து ஒரு மாதமான குழந்தைக்கோ அந்த ஈராண்டே, திரும்பி வாராத காலம் முழுவதும் ஆகும்.